சைபரை அடித்த கணக்கு

திருமழிசை
18-2-1973

அந்தமானில் டீச்சர் வேலை பார்க்கும் என் மகள் புஷ்பாவுக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கடல் காற்றில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும். உன் தங்கை ராணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறாள், கால் வலி என்று தினமும் ஒரே புலம்பல்.

எனக்குத்தான் மனசு சரியில்லை. பக்கத்துக் கொல்லை கன்னியம்மா பத்து சென்ட்டில் கத்திரி போட்டிருந்தாள், புருஷன் போன பிறகு அவளுக்கு அது ஒன்றுதான் பிழைப்பு. செடியில் புழு விழுந்து, லோகநாதன் கடையில் அரை லிட்டர் மருந்து வாங்கி வந்தாள். அளவுச் சீட்டைப் படிக்க என்னிடம் வந்தாள், எட்டாவது படித்த மேதாவி இல்லையா நான். ஏக்கருக்கு 0.05 லிட்டர் என்று போட்டிருந்தது. பத்து சென்ட்டுக்குப் பத்தால் வகுக்க வேண்டும், பத்தால் வகுத்தால் ஒரு சைபரை அடி என்றுதானே வாத்தியார் சொன்னார், அடித்தேன், 0.5 வந்தது. எழுத்து குறைந்ததால் அளவும் குறைந்தது என்று நினைத்துவிட்டேன். பாட்டிலும் அரை லிட்டர், கணக்கு கச்சிதம் என்று முழுசாக ஊற்றச் சொன்னேன். மூன்றே நாளில் செடியெல்லாம் கருகிவிட்டது. அப்புறம்தான் ராணியின் பழைய நோட்டில் கட்டம் போட்டுப் பார்த்தேன். நூறில் ஒன்று இடத்திலிருந்த ஐந்து ஆயிரத்தில் ஒன்று இடத்துக்குத் தள்ளிப் போய் 0.005 ஆகியிருக்க வேண்டும். நான் அடித்த அடியில் அது எதிர்ப்பக்கம் நகர்ந்துவிட்டது. ஒரு டீஸ்பூன் ஊற்ற வேண்டிய இடத்தில் நூறு டீஸ்பூன் ஊற்ற வைத்திருக்கிறேன் அம்மா.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "உம்மேல இன்னா தப்பு அண்ணாத்தே, அந்த லோகநாதன்தான் மருந்துல இன்னாமோ கலந்துட்டான்" என்றாள். அவன் கடையை மூடச் சொல்லி என்னையே மனு எழுதித் தரச் சொன்னாள். உண்மையைச் சொல்ல வந்தவன் அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். கைநாட்டும் வைத்துவிட்டாள். நாளைக் காலை விவசாய ஆபீஸில் கொடுக்க என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறாள். லோகநாதன் பாவம், ஒரு தப்பும் செய்யாதவன். என்ன செய்வதென்று உன்னைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இது கப்பலேறி உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

உன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைபரை அடி என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதே. நீ நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். பதிலை என் பெயருக்கே போடு, உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு உன் நைனா,
பரந்தாமன்