சந்தனத்துக்கு அடியில் ஒரு சுவிட்ச்

அத்தான்,

திருவேங்கடம் பஸ்ஸுக்கு நேரமாச்சு, போறேன். புளிக்குழம்பு அடுப்புமேல இருக்கு, அப்பளம் மட்டும் பொரிச்சுக்கிடுங்க.

லேப்டாப்புல வைஃபை வந்துட்டு! "நல்லாக் கெடந்ததுல லினக்ஸைப் போட்டுக் கெடுத்துட்டியே"ன்னு நேத்து பூரா சத்தம் போட்டீங்கள்லா? லினக்ஸ் மேல ஒரு குத்தமும் இல்ல. வைஃபைக்கான டிரைவர் சாஃப்ட்வேரைத் தேடி அலுத்துப்போயி, கடைசியில லினக்ஸுக்கிட்டயே ஒரு கமாண்ட் போட்டுக் கேட்டேன். வைஃபையை யாரோ கையால அணைச்சு வச்சிருக்காகன்னு காட்டுச்சு. பார்த்தா, முன்பக்க விளிம்புல ஒரு குட்டி சுவிட்ச். ஆயுத பூஜைக்கு நீங்க அப்புன சந்தனம் அதை மூடிக் காய்ஞ்சு கெடக்கு! பொட்டு வைக்கும்போது உங்க விரல்தான் தள்ளிவிட்டிருக்கு. மறுநாள் நான் லினக்ஸ் போட்டதால பழி என் தலையில விழுந்துட்டு. சுரண்டி எடுத்துட்டுத் தள்ளினேன், நெட் பிச்சுக்கிட்டு ஓடுது.

விண்டோஸைத் திரும்பப் போட நீங்க வரச்சொன்ன ஜெயசிங் அண்ணாச்சி வருவாக. காப்பி கொடுத்து அனுப்புங்க, லேப்டாப்பைத் தொடவிடாதீங்க.

– தர்ஷினி

இன்னொரு சாவி பக்கத்து வீட்டு ஆமினாள் அக்காகிட்ட இருக்கு.

பொட்டை அழிச்சிட்டேன்னு நினைக்காதீங்க. லேப்டாப் மூடிக்கு நடுவுல புதுசா வச்சிருக்கேன்.

மன்னிப்புக் கேக்கணும்னு தோணுச்சுன்னா, அந்த லேப்டாப்புல இருந்தே ஒரு மெயில் போடுங்க. கண்டிப்பா வந்து சேரும்.