பிலோமி அக்காவுக்கு, ஜெனியின் தைராய்டு பற்றி

அன்புள்ள பிலோமி அக்கா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். அதைவிடக் கொஞ்சம் கத்த வேண்டும். வேறு யாரிடம் கத்துவது?

என் மகள் ஜெனிக்கு ஒன்பது வயது. நீ பார்த்தபோதே பூசினாற்போல இருப்பாள், இப்போது நன்றாகவே குண்டு. "ஏளா, பிலோமி மாதிரியே வாரா உம் மவ. வாயக் கட்டச் சொல்லு" என்று அம்மா தினமும் ஒரே பாட்டு. நானும் கட்டினேன். தவக்காலம் முழுக்கப் பிள்ளையை ஒருசந்தி இருக்க வைத்தேன், ஒரு வேளைச் சாப்பாடு. சின்னப் பிள்ளைக்கு அந்தக் கடமை கிடையாது என்று எனக்குத் தெரியாதா? ஆண்டவர் பேரைச் சொன்னால் பசிக்கிறது என்று கேட்க மாட்டாள். அவ்வளவுதான் என் பக்தி.

குருத்தோலை ஞாயிறு பவனியில் நடக்க முடியாமல் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். எடையும் குறைந்தபாடில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா எடையை விட்டுவிட்டு உயரத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார். "யூனிஃபார்ம் எத்தன வருஷமா ஒரே நீளம்?" என்றார். இரண்டு வருஷம். இடுப்பைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேனே தவிர, கீழ்மடிப்பை இறக்கவே இல்லை. தையல் மெஷினே கதியென்று கிடக்கிற எனக்கு அது உறைக்கவில்லை.

"சாப்பாட்டால குண்டாகுற பிள்ளைங்க பெரும்பாலும் உயரமும் வளருவாங்க. வளர்த்தி நின்னா ஹார்மோனப் பாக்கணும்" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை. "இது குடும்பத்துல வரும். வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

"எங்க அக்கா ஒருத்தி இருந்தா. ஆனா அவ நல்லா சாப்பிடுவா டாக்டர்" என்றேன். பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

நீ என்னத்தை அப்படிச் சாப்பிட்டாய், அக்கா? எனக்கு மூன்று தோசை, உனக்கு இரண்டு. முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று போட்ட உன் புதுநன்மைக் கவுனை இரண்டு வருஷம் கழித்துப் போட்டுப் பார்த்தாயே, நீளம் சரியாக இருந்தது, கொக்கிதான் மாட்டவில்லை. எல்லாரும் சிரித்தோம். சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டு படுப்பாய், சோம்பேறி என்றோம். ஒரு ரத்தப் பரிசோதனை ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உன் இதயம் நின்ற அன்றும் துஷ்டி வீட்டில் "தின்னுதின்னே போய்ட்டா" என்றுதான் பேசினார்கள்.

உனக்கும் இதேதான் இருந்ததா? இனிமேல் சொல்ல முடியாதாம். எனக்கு ஆத்திரமே அதில்தான்.

ஜெனி இப்போது காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறாள். "மாத்திர எதுக்கு? வாயக் கொறச்சாப் போதும்லா" என்கிறாள் அம்மா, இன்னமும்.

அடுத்த மாதம் உன் ஆண்டுப் பூசை. உன் உடம்பைப் பார்த்துத் தெருவே உன்னைத் 'தோணி' என்று கூப்பிட்டதே, அந்தப் பேரை வைத்தது பக்கத்து வீட்டுக்காரி என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தாய். வைத்தது நான். பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்காரும்போது, அம்மா முன்னாலேயே அதைச் சொல்லப்போகிறேன். நீ நோயாளியாக இருந்திருக்கலாம், நாங்கள் ஒருத்தரும் பார்க்கவில்லை என்றும் சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன். ஜெனியும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
கூடப் பிறந்தும் உன் பக்கம் நிற்காத தங்கச்சி,
ரீத்தா