மூத்தாளின் பெயர்

மக்டஃப்,
3 மார்ச் 1884

யூஃபீமியாவுக்கு,

உனக்குப் பெண் பிறந்ததை மீன்காரிகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாலு வரி எழுதிப் போட உனக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. போகட்டும், தாயும் பிள்ளையும் நன்றாக இருங்கள்.

இரண்டாம் தாரத்துக்குப் பிறக்கும் முதல் பெண்ணுக்கு மூத்தாள் பெயர். இந்தக் கரையில் இது தெரியாதவர் உண்டா? ஆண்ட்ரூவுக்கு முதலில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை கிரிசல் பிள்ளை இல்லாமலே செத்துப்போனாள். அவள் பெயர் சொல்ல உன் மகளை விட்டால் யாரும் கிடையாது. நீயோ லில்லி என்று வைக்கப் போகிறாயாம். கன்றுக்குட்டிக்கா பெயர் தேடுகிறாய்?

ஜேமிசினா

போர்ட்சாய்,
7 மார்ச்

ஜேமிசினா அக்காவுக்கு,

ஊர் மரியாதைக்காகத்தான் இந்த அக்கா.

உங்கள் தங்கை படுத்த கட்டிலில் படுக்கிறேன். அவள் பானையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுகிறேன். துறைமுகத்தில் இன்னும் என்னை, "கிரிசல் வீட்டுக்கு வந்தவ" என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளையாவது எனக்கே எனக்கென்று இருக்கக் கூடாதா? சாப்பிட வா, தூங்கு என்று நாள் முழுக்க அவள் பெயரை நானே கூவ வேண்டுமா?

உங்கள் அப்பா ஜேம்ஸின் பெயருக்கு வால் ஒட்டி உங்களுக்கு வைத்தார்கள். நீங்கள் லில்லியைக் கிண்டல் செய்கிறீர்கள்! ஆண்ட்ரூவிடம் கேட்டுவிட்டேன். "உன் இஷ்டம் எஃபி, என்னை விடு" என்றார்.

யூஃபீமியா

மக்டஃப்,
11 மார்ச்

யூஃபீமியா,

ஞானஸ்நானத்துக்கு நான் வரப்போவதில்லை. லில்லி என்று வைத்தால் இனி உன் வாசலையும் மிதிக்க மாட்டேன். ஆண்ட்ரூ கிரிசலை இரண்டாம் தடவை புதைக்கிறான், அவனிடமே சொல்.

ஜேமிசினா

போர்ட்சாய்,
17 மார்ச்

ஜேமிசினா அக்காவுக்கு,

நேற்று ஞானஸ்நானம் முடிந்தது. உங்கள் கடிதத்தை நான் அவருக்குக் காட்டவில்லை.

சர்ச்சில் அப்பாதானே பிள்ளையை ஏந்தி நின்று பெயர் சொல்ல வேண்டும். வழியெல்லாம் லில்லி, லில்லி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனேன். "தெரியும்டி, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று சிரித்தார்.

போதகர் பெயரைக் கேட்டார். இவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "கிரிசல்" என்றார். வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. அதற்குமேல் என் பக்கம் திரும்பவில்லை.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். வந்து பெயர் சொல்லிக் கொஞ்சுங்கள். வெறும் ஊர் வழக்கம் என்று நினைத்துத்தான் உங்களோடு இத்தனை சண்டை போட்டேன். அந்தப் பெயரை அவர் சொன்ன மாதிரி என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை.

யூஃபீமியா