ஒன்பதாம் சுற்றில் ஒரு காலி நாற்காலி

பியோம்பினோ
10 செப்டம்பர் 2012

மதிப்பிற்குரிய எர்மேத்தே குவாலியா அவர்களுக்கு,

வணக்கம். நம் இத்தாலி நாட்டு ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் புத்தகத்துக்காக என் அப்பா நேவியோ தபரீனியின் புகைப்படம் கேட்டிருந்தீர்கள். அவரைப் பற்றிய பக்கத்தையும் கூடவே அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். இப்போதைக்குப் படம் தருவதாக இல்லை.

நாற்பத்தொரு சண்டையில் முப்பத்திரண்டு வெற்றி, அதில் பாதி சோப்ளாங்கிகளோடு என்கிறீர்கள். இருக்கட்டும். கால் மந்தம் என்கிறீர்கள். அதுவும் நிஜம்தான். இரும்பாலை வாசலில் அப்பா ஒரு பேருந்தையாவது ஓடிப் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் 1978 மார்ச்சில் லிவோர்னோவில் துல்லியோ ஃபுர்லானோடு நடந்த பன்னிரண்டு சுற்றுத் தேசியப் பட்டச் சண்டையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "எட்டாம் சுற்றுக்குப் பிறகு தபரீனி ஒற்றைக்கையனாக ஒளிந்து நின்று கடைசி மணிக்காகக் காத்திருந்தார்." அடுத்த நாள் செய்தித்தாளில் நீங்கள் எழுதியதும் இதே வரி. முப்பத்துநான்கு வருடத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. "உங்கப்பா ஒத்தக்கையால எப்படிடி ஷூ லேஸ் கட்டுவாரு?" என்று வகுப்பில் கேட்டார்கள். அப்பா அந்த வருடமே கையுறையைக் கழற்றிவிட்டார். பழைய வீரர்கள் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு கூடிச் சாப்பிடும் விருந்துக்கு இதுவரை ஒருமுறைகூடப் போனதில்லை. "ஒளிஞ்சவனுக்கு அங்க என்ன வேலை?" என்பார்.

அவரைப் புகழுங்கள் என்று கேட்கவில்லை. அந்த ஒரு வரியை மறுபடி யோசியுங்கள் என்கிறேன்.

இப்படிக்கு,
ஓர்னெல்லா தபரீனி


மிலான்
18 செப்டம்பர் 2012

ஓர்னெல்லா அவர்களுக்கு,

வீரர்களின் பெண்பிள்ளைகள் எனக்குக் கோபக் கடிதம் எழுதுவது புதிதல்ல. அவரவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லா அப்பாக்களும் சாம்பியன்கள்தான்.

அந்தச் சண்டையை நான் மேடையிலிருந்து மூன்றடி தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். எட்டாம் சுற்றில் உங்கள் அப்பா வலது கையை மடக்கினார். அதன்பின் அதை நீட்டவே இல்லை. புள்ளிகளில் தோற்றார். ஒரு வீரனை எடைபோடுவது பாசத்தால் ஆகிற காரியமல்ல. பக்கம் அக்டோபர் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. படம் வராவிட்டால் படமில்லாமலே போகும்.

எ. குவாலியா


பியோம்பினோ
27 செப்டம்பர் 2012

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் ஆலைத் தொழிலாளர் மன்றத்தைக் காலி செய்தார்கள். அங்கே படம் ஓட்டும் அல்வாரோ மாமா, அலமாரியிலிருந்து ஒரு படச்சுருளை எடுத்துக் கொடுத்தார். "உங்கப்பன் சண்டைம்மா. அரங்கத்து மாடியிலேர்ந்து நான்தான் புடிச்சேன். அவன்கிட்ட குடுத்தா கடல்ல வீசிருவான்னு குடுக்கல" என்றார். குறுந்தகட்டில் ஏற்றி இத்துடன் அனுப்புகிறேன்.

தனியாகத்தான் பார்த்தேன். அப்பாவைக் கூப்பிடப் பயம். நீங்கள் எழுதியதே சரியாக இருந்துவிட்டால்?

சத்தமில்லாத படம். எட்டாம் சுற்றில் அப்பாவின் வலது கை ஃபுர்லானின் நெற்றி எலும்பில் படுகிறது. அதோடு அந்தக் கை முடிந்தது. ஒன்பதாம் சுற்றில் இடதுகை மட்டும்தான் வேலை செய்கிறது, கதவைத் தட்டுவதுபோல விடாமல். ஃபுர்லான் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறார். பத்தாம் சுற்றில் அவர் தலை குனிந்த ஒரு கணத்தில் அதே இடதுகை பக்கவாட்டில் வளைந்து இறங்குகிறது. சாம்பியன் தரையில் உட்கார்ந்திருக்கிறார். நடுவர் விரல்விட்டு எட்டுவரை எண்ணுகிறார்.

எத்தனை முறை ஓட்டினேன் என்று தெரியாது. அப்பாவைப் பார்த்துச் சலித்த பிறகுதான் மற்றவர்களைப் பார்த்தேன். முன்வரிசையில், பத்திரிகைக்காரர்கள் மேசையில், ஒரு கட்டம்போட்ட கோட்டு. அந்த நாளில் உங்கள் கட்டுரைக்கு மேல் அச்சாகும் உங்கள் படத்தில் இருந்த அதே கோட்டு. எட்டுச் சுற்றும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறது. ஒன்பதிலும் பத்திலும் அந்த நாற்காலி காலி. பதினொன்றில் கோட்டு திரும்பி வருகிறது.

எங்கே போயிருந்தீர்கள், ஐயா?

என் கோபம் உங்கள் மேல் மட்டுமில்லை. இத்தனை வருடம் நானும் உங்கள் வரியை வைத்துத்தான் அப்பாவை அளந்திருக்கிறேன். அம்மாவோடு சண்டை வந்து அவர் பேசாமல் எழுந்து போகும்போதெல்லாம், "ஒளிகிறார்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டவள் நான்.

நீங்கள் கேட்ட புகைப்படத்தையும் வைத்திருக்கிறேன். எது நியாயமோ அதைச் செய்யுங்கள்.

ஓர்னெல்லா


மிலான்
9 அக்டோபர் 2012

அன்புள்ள ஓர்னெல்லா,

தொலைபேசிக்குப் போயிருந்தேன்.

இரவு பத்தே முக்காலுக்கு எங்கள் செய்தித்தாள் பக்கத்தை அச்சுக்கு மூடிவிடுவார்கள். அரங்கத்தில் இருந்தது ஒரே தொலைபேசி, சீட்டு விற்கும் அறையில். நாங்கள் எல்லோரும் செய்ததுதான் இது. மிச்சச் சுற்றுகள் எப்படிப் போகும் என்று ஊகித்து, நடந்து முடிந்ததுபோலவே சொல்லிவிட்டு ஓடிவருவோம். முடிவை மட்டும் பிறகு ஒரு வரியாகச் சேர்ப்பார்கள். அன்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கூரை பறப்பதுபோல் கூச்சல். மறுமுனையில் தட்டச்சு செய்த பெண், "என்னங்க சத்தம்? நிறுத்தட்டுமா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, நீ அடி" என்றேன்.

திரும்பிவந்து பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். "ஃபுர்லான் வழுக்கி விழுந்தான்" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. மிச்சமிருந்த இரண்டு சுற்றையும் ஏற்கெனவே சொல்லிவிட்ட வரியின் கண்ணாலேயே பார்த்தேன். பிறகு ஒவ்வொரு முறையும் என் பழைய கட்டுரையையே சாட்சியாக எடுத்துவைத்து எழுதினேன். கண்ணால் பார்த்தேன் என்று உங்களுக்கு எழுதினேனே, அப்போதும் பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் கேவலம்.

புதிய பக்கம் இது:

"நேவியோ தபரீனி. கால் மந்தம், கடைசிவரை திருந்தவில்லை. அவர் வென்றவர்களில் பாதிப்பேர் அவர் தரத்துக்கு வராதவர்கள். ஐரோப்பியப் பட்டத்துக்கு வேண்டிய வேகம் அவரிடம் என்றும் இருந்ததில்லை. ஆனால் அவருடைய இடதுகை போல ஒன்று அவர் காலத்து இத்தாலிய ஹெவிவெயிட் எவருக்கும் வாய்க்கவில்லை. முறிந்த வலது கையைத் தாடையோரம் வைத்துக்கொண்டு, தேசியச் சாம்பியனை நான்கு சுற்று பின்வாங்க வைத்தார். ஒருமுறை தரையில் உட்கார வைத்தார். புள்ளிகளில் தோற்றார். ஒளியவில்லை. ஒளிந்தார் என்று இதற்கு முன் எழுதியவன் நான். சாம்பியன் விழுந்த நேரத்தில் நான் அரங்கத்துக்குள்ளேயே இல்லை."

இந்த வருட விருந்து நவம்பர் நான்காம் தேதி லிவோர்னோவில். முழங்கால் அறுவைக்குப் பிறகு என்னால் பயணம் செய்ய முடியாது. இதை அங்கே சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் அப்பா வருவாரா?

எர்மேத்தே


பியோம்பினோ
6 நவம்பர் 2012

அன்புள்ள எர்மேத்தே ஐயா,

முழங்கால் எப்படி இருக்கிறது? இரும்பு வைத்தார்களா? எழுதுங்கள்.

பக்கத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கண்ணாடிக் கூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தார்.

"கால் மந்தமாம்! கடைசிவரைக்கும் திருந்தலையாம்!"

"கோவமாப்பா?"

"கோவம் எதுக்கு? நெசந்தானே. சோப்ளாங்கிங்கள அடிச்சதும் நெசம். இந்தாளு என்னைய சும்மா புகழ்ச்சியில குளுப்பாட்டியிருந்தா, பாவப்பட்டு எழுதுறான்னு கிழிச்சுப் போட்டிருப்பேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குத்தத்தயும் எழுதியிருக்கான். அப்ப மிச்சத்தையும் நம்பலாம். அந்த நீலச் சட்டைய இஸ்திரி போடு, அம்மாடி."

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் நாற்பது உடைந்த மூக்குகள். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து ஒரு குரல்: "டேய் தபரீனி! வர்றதுக்கு இத்தன வருஷமா? அந்த மந்தக் கால வச்சுக்கிட்டு நடந்தேவா வந்த?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பழைய வீரர்கள் சங்கத் தலைவர் உங்கள் பக்கத்தைப் படித்தார். முடித்ததும் த்ரியெஸ்தேயிலிருந்து வந்திருந்த ஃபுர்லான் மெதுவாக எழுந்தார். இப்போது கம்பு ஊன்றுகிறார்.

"வழுக்கிட்டேன்னுதான் என் பொண்டாட்டிகிட்ட சொல்லி வச்சிருந்தேன்," என்றார். "இந்தப் பாவியோட இடதுகை இன்னும் மழைக்காலத்துல என் தாடையில வலிக்குது. எழுந்திருங்கடா எல்லாரும்!"

எழுந்தார்கள், ஐயா. நாற்பது கிழவர்களும், இடுப்பைப் பிடித்துக்கொண்டும் மேசையைப் பிடித்துக்கொண்டும். கைதட்டல் நிற்கவே இல்லை. கச்சுக்கோ மீன் குழம்பு ஆறிப்போனது. அப்பா நடுவில் நின்றார். எங்கும் பார்வையைத் திருப்பவில்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

பிறகு மூன்று தட்டு சாப்பிட்டார். அதோடு விட்டாரா? கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "அடுத்த வருசம் விருந்து பியோம்பினோவுல, எங்க வீட்டுல!" என்று அறிவித்துவிட்டார்.

"அப்பா, நாப்பது பேருக்கு யாரு ஆக்குறது?"

"லெட்டர் எழுதி எழுதி என்னைய இங்க கொண்டாந்தது யாரு? நீயே ஆக்கு."

இங்ஙனம், பெரிய பாத்திரம் தேடிக்கொண்டிருக்கும்,
ஓர்னெல்லா