சாம்பியாவுக்குப் போன வாப்பாவின் சத்தம்

ஊரிலேயே பெரிய தொண்டைக்காரரான என் வாப்பாவுக்கு,

சலாம். உங்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. உங்களை அடக்கிய மையவாடிச் சுவருக்கு வெளியே நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், அது எனக்குப் போதவில்லை. அதனால் நாலு பேர் வாசிக்கும்படி எழுதுகிறேன். "மௌத்தான மனிசனுக்குக் கடிதம் எழுதி என்னகா செய்யப் போறாய், ஆரு வாசிக்கிற?" என்று உம்மா கேட்டார். ஊர் வாசிக்கட்டும் என்றேன். உங்களை வைத்துப் பெருமையடிக்க எனக்கு இப்போதுதான் சரியான காரணம் ஒன்று கிடைத்திருக்கிறது.

நான் ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தேன் வாப்பா. சாம்பியா என்ற நாடு. தாயை இழந்த, காயம்பட்ட காட்டு மிருகங்களைக் காப்பாற்றி வளர்த்து மறுபடியும் காட்டில் விடுகிற ஒரு சரணாலயத்தில் ஆறு மாதம் தொண்டு வேலை. என்ன மிருகம் என்று கேட்பீர்கள். வேறென்ன, உங்கள் பெரியவர்தான்.

வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் வீடு இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குப் பக்கத்துச் சாய்ந்தமருதில்; வயல் சம்மாந்துறைக்கு அங்கால் காட்டோரத்தில். நெல் முற்றும் நாட்களில் யானை வரும். வயலில் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்ல வாப்பா யாரையும் விடமாட்டார். "பெரியவர்" என்றுதான் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி வந்துவிடுமாம்.

மற்றவர்கள் பட்டாசோடு காவல் இருப்பார்கள். நீங்கள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் வெறுங்கையோடு நிற்பீர்கள். அடிவயிற்றிலிருந்து மெதுவாகத் தொடங்கி, "ஹோ...ஓ...ஓ..." என்று உயர்ந்துகொண்டே போகும் ஒரு சத்தம். மூன்று தரம். பிறகு, "போங்க பெரியவரே, போங்க. பாத அங்கால இரிக்கி" என்று மரியாதையாகச் சொல்வீர்கள். அது திரும்பிப் போனதும் காவல் வாடிக்குள் வந்து குந்தி, அதன் ஏழு தலைமுறையையும் ஏசுவீர்கள். பின்னேரச் சாப்பாடு கொண்டுவந்த உம்மாவும் நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். "ஒங்கட வாப்பா ஒரு சத்தம் போட்டா அக்கரைப்பத்து பஸ்ஸும் நிண்டுதான் போகும்" என்பார் உம்மா.

இன்னொன்றையும் நீங்கள் விடாமல் சொல்வீர்கள். விரட்டும்போது அதற்குப் போக வழி விட்டு நிற்க வேண்டும். "இடம் உடாம மறிச்சா அவர் எங்க போற?" என்று பக்கத்து வயல்காரர்களோடு சண்டை போடுவீர்கள். நான் உயர்தரம் படித்த வருடம் அவர்கள் கேட்கவில்லை. உழவு இயந்திரங்களைச் சுற்றி வர நிறுத்திப் பட்டாசு கொளுத்தினார்கள். யானை, மிச்சமிருந்த ஒரே இடைவெளியால் ஓடியது. அங்கேதான் நீங்கள் நின்றீர்கள். வாய்க்காலுக்குள் விழுந்து முழங்கால் உடைந்தது. மௌத்தாகும் வரை நொண்டித்தான் நடந்தீர்கள்.

அதனால்தான் நான் போகப் போகிறேன் என்றதும் உங்கள் மகன் நவாஸ் காக்கா கொதித்தார். "வாப்பாட கால உடச்சதுகளுக்குப் பால் குடுக்கவா கப்பலேறிப் போறாய்?" என்றார். விமானத்தில்தான் போகிறேன் என்று சொல்லி அவரை இன்னும் கோபப்படுத்தினேன். ஆனாலும் உங்களைக் காட்டிக்கொடுக்கிறேனோ என்று எனக்கே நெஞ்சு குறுகுறுத்தது.

போனதற்குக் காரணம் இருந்தது வாப்பா. உங்களுக்குப் பிறகு ஒருநாள், நான் வேலை பார்க்கிற கால்நடை அலுவலகத்து வைத்தியரோடு ஒரு குளக்கட்டுக்குப் போனேன். குட்டி ஒன்று, பூசணிக்காய்க்குள் வைத்த வெடியைக் கடித்துத் தாடை சிதறிப்போயிருந்தது. தண்ணீருக்குள் தும்பிக்கையை விட்டபடி நின்றது, குடிக்க முடியவில்லை. சேலைன் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. அது செத்துப்போனது. நம் வரம்போரத்தில் யாரோ வைத்த அப்படியொரு காயை நீங்கள் தூக்கி வாய்க்காலில் போட்டது அப்போது ஞாபகம் வந்தது. "நான் ஏசுவன், வெரட்டுவன். தின்ன வந்ததுட வாயில வெடி வெக்கிற வேல எனக்குத் தெரியா" என்றீர்கள். அன்று ஊரே உங்களைப் பைத்தியம் என்றது, நானும் கூட.

சம்பளமில்லா லீவு எடுத்தேன். உம்மா ஒரு போத்தல் மாசிச் சம்பல் கட்டித் தந்தார். அதுதான் அவருடைய சம்மதம்.

அங்கே என்னிடம் ஒப்படைத்தது சிசோமோவை. அவர்கள் பாஷையில் அருள் என்று அர்த்தம், நாம் றஹ்மத் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டரை வயதுப் பெண் குட்டி. சோளக் காட்டுக்குள் இறங்கிய தாயைச் சுட்டுவிட்டார்கள். காதில் ஒரு துண்டு இல்லை. பராமரிப்பாளர்களின் தலைவி முலெங்கா என்ற பெண். நாற்பது வயதிருக்கும், குறைவாகப் பேசுவாள், பேசினால் குத்தும். முதல் நாளே சட்டத்தைச் சொன்னாள். பால் அளந்துதான் கொடுக்க வேண்டும். கொஞ்சிக் கதைக்கக் கூடாது. ஒரே ஆளோடு ஒட்ட விடக் கூடாது.

நான் கல்முனைக் கரையில் பிறந்தவள். சாப்பிட்டவர் போதும் என்று கையால் மறித்த பிறகும் ஒரு அகப்பை வைக்காவிட்டால் நமக்குச் சாப்பாடு கொடுத்த மாதிரியே இருக்காது. போத்தல் முடிந்த பிறகும் சிசோமோ சூப்பியை விடாமல் இழுத்தாள். "இன்னுங் கொஞ்சம் குடி மகள்" என்று மற்றப் போத்தலில் பாதியைக் கொடுத்துவிட்டேன். படித்தவள், கன்றுகளுக்குப் பால் அளக்கச் சொல்லிக் கொடுக்கிற உத்தியோகம் பார்க்கிறவள். அப்படியிருந்தும் கொடுத்தேன்.

இரண்டு நாள் வயிற்றோட்டம். குட்டிகள் அதிலேயே செத்துப்போவதுண்டு. முலெங்கா என்னைப் பார்த்து, "உங்கள் ஊரில் விருந்தாளிகளை இப்படித்தான் கொல்வீர்களா?" என்று கேட்டாள். மருந்துத் தண்ணீரைப் பருக்கிக்கொண்டு, வைக்கோலில் உட்கார்ந்து, தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன். மூன்றாம் நாள் சிசோமோ எழும்பி என் தலைத்துணியை இழுத்தாள். நீங்கள் பார்த்திருந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

அவள் பிழைத்தாள், ஆனால் என் பிழை தீரவில்லை. அதற்குப் பிறகு என் குரல் கேட்டால் போதும், ஓடி வருவாள். என்னில் தொடங்கி எல்லா மனிதர்களிடமும் போனாள். வேலிக்கு அப்பால் ஒற்றையடிப் பாதையில் பெண்கள் கதைத்துக்கொண்டு போனாலும் அங்கே போய்த் தும்பிக்கையை நீட்டினாள். ஐந்தாம் மாதம் அவளை வளர்ந்த அநாதைகளின் கூட்டத்தோடு சேர்த்துக் காட்டுப் பக்கம் திறந்து விட்டார்கள். கூட்டம் காட்டுக்குள் போக, இவள் மட்டும் திரும்பிக் கிராமத்துச் சோளத்துக்குள் இறங்கினாள். இரண்டு தரம் அப்படி நடந்தது.

சோளக்காரர் சரணாலயத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தின்று மிதித்த சோளத் தட்டை ஒன்றை மேசையில் வைத்தார். "எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னொரு தரம் வந்தால் உங்களிடம் சொல்ல வரமாட்டேன்" என்றார். அவரைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை வாப்பா. நம் வயல் மிதிபட்ட காலையில் உங்கள் முகம் இருந்த மாதிரியே இருந்தது.

முலெங்கா ஒளிக்காமல் சொன்னாள். சிசோமோ மனிதர்களை விட்டு விலகப் பழக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று தாயைப் போல் சாவாள், அல்லது வாழ்நாள் முழுக்கக் கூட்டுக்குள் இருப்பாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் தரம் திறந்துவிட்ட அன்று பின்னேரம் நாங்கள் ஆறு பேர் சோள எல்லையில் நின்றோம். கூட்டம் போனது. சிசோமோ திரும்பி வந்தாள். தகரத்தைத் தட்டினார்கள். பாவம், அவளுக்குத் தகரச் சத்தம் என்றால் பால் வாளி. இன்னும் வேகமாக வந்தாள். ஆட்கள் சுற்றி வளைத்தார்கள். அவளுக்கு அது விளையாட்டு. சோளக்காரர் தன் வேலியோரம் ஈட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு உங்கள் முழங்கால்தான் ஞாபகம் வந்தது. காட்டுப் பக்கமும் ஆள் நின்றது. அவள் எங்கே போவாள்? "அந்தப் பக்கத்தை விடுங்கள், வழி விடுங்கள்" என்று கத்தினேன். முலெங்கா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்ட, அந்தப் பக்கம் நின்ற இருவரும் விலகினார்கள். சிசோமோ நேரே என்னிடம் வந்து தும்பிக்கையை என் தோளில் போட்டாள். பால் வாசம் அடித்தது.

ஒரு அடி பின்னால் வைத்தேன். பிறகு என் வயிற்றுக்குள்ளிருந்து உங்கள் சத்தம் வந்தது வாப்பா. பெண்பிள்ளை வயலில் நின்று கத்துவது நம் வீட்டில் இல்லை. நான் ஒருநாளும் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. கீழே தொடங்கி, உயர்ந்து, அந்தக் கடைசி இழுப்பு வரை அப்படியே வந்தது. மூன்று தரம். "போ மகள், போ. பாத அங்கால இரிக்கி."

சிசோமோ அப்படியே நின்றாள். என்னிடமிருந்து அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. காதுகளை விரித்தாள். மறுபடி ஒரு கால் முன்னால் வைத்தாள். நான் மண்கட்டியை எடுத்து அவள் காலடியில் எறிந்து, தொண்டை கிழியச் சத்தம் போட்டேன். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே போட்டேன். அவள் பின்வாங்கினாள், கிறுகித் திரும்பினாள், திறந்திருந்த பக்கத்தால் ஓடிக் காட்டுக்குள் போனாள். கூட்டத்தின் பெரிய பெட்டை உள்ளேயிருந்து உறுமியது கேட்டது.

நான் மண்ணில் குந்திவிட்டேன். அழுதேன், மறைக்க மாட்டேன். வந்து பக்கத்தில் குந்திய முலெங்கா, "இதை எங்கே படித்தாய்?" என்று கேட்டாள். படிக்கவில்லை, இது என் வாப்பாவுடையது என்றேன். "அவர் யானைப் பாகனா?" என்றாள். இல்லை, யானை பயிரைத் தின்ற விவசாயி என்றேன். சொல்லும்போது என் தலை தானாக நிமிர்ந்தது. அவள் எழும்பிப் போய்ச் சோளக்காரரிடம் அதை அவர் பாஷையில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மிச்சமிருந்த நாட்களில் பின்னேரம் தோறும் எல்லைக்குப் போனேன். அவளைத் தொடவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வந்தால் சத்தம் போட்டேன். தொண்டை அடைத்துப் போய்ச் சைகையால் சாப்பாடு கேட்ட நாட்களும் இருந்தன. வரவர அவள் தூரத்திலேயே நின்றாள். கடைசிக் கிழமையில் அவள் வரவேயில்லை. வாப்பா, பெற்ற பிள்ளை போல் பார்த்த ஒன்று தன்னைக் கண்டு பயப்பட வேண்டும் என்று யாராவது துஆ கேட்பார்களா? நான் கேட்டேன். நீங்கள் அத்தனை வருடமும் அவற்றை ஏசிக்கொண்டே வழி விட்டு நின்றது என்ன மனதோடு என்று எனக்கு இப்போது கொஞ்சம் விளங்குகிறது.

இனித்தான் செய்தி. போன வெள்ளிக்கிழமை முலெங்காவிடமிருந்து போனில் ஒரு வீடியோ வந்தது. சோளக் கதிர் பால்பிடிக்கும் காலம். அந்தச் சோளக்காரர் தன் எல்லையில் நிற்கிறார், பக்கத்தில் அவருடைய மனைவியும் அயலவர்களும். தூரத்து மரங்களுக்கு நடுவே காதில் துண்டில்லாத ஒருத்தி, கூட்டத்தோடு. அவர் வாயில் கைகுவித்து, அடிவயிற்றிலிருந்து தொடங்குகிறார். "ஹோ...ஓ...ஓ..." மூன்று தரம். பிறகு எல்லோரும் சேர்ந்து, நாக்குப் பிறழ்ந்தாலும் ஒழுங்காகச் சொல்கிறார்கள், "பாத அங்கால இரிக்கி". ஒருவர் கையிலும் ஈட்டி இல்லை. காட்டுப் பக்கம் திறந்து கிடக்கிறது. சிசோமோ திரும்பிக் கூட்டத்துக்குப் பின்னால் போகிறாள்.

காக்காவிடம் காட்டினேன். இந்தப் பெரும்போக நெல்லைக் காக்கப் பூசணிக்காயில் வெடி வைக்கப் போவதாக அவர் கிழமைக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தரம் பார்த்தார். எழும்பி முற்றத்துக் கிணற்றடிக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவடியில் வந்து நின்று, "அத எங்கரிந்து தொடங்கிற? நெஞ்சிலரிந்தா வயித்திலரிந்தா?" என்று கேட்டார். உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த உம்மா, "வயித்திலரிந்து மகன்" என்றார்.

நம் கதிர் முற்ற இன்னும் ஒரு மாதம் இருக்கிறது வாப்பா. நீங்கள் நின்ற வரம்பில் இந்த முறை காக்காவும் நானும் நிற்போம். பெண்பிள்ளை கத்துகிறாள் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும். நம் வயலில் எந்த வாயிலும் வெடி வைக்க விடமாட்டேன். பெரியவர் வந்தால் மரியாதையாகச் சொல்வோம், வழி விட்டு நிற்போம். அவர் போன பிறகு வாடிக்குள் குந்தி, உங்கள் பங்குக்கும் சேர்த்து நன்றாக ஏசுவோம்.

உங்கள் தொண்டையைச் சொத்தாகப் பெற்ற இளைய மகள்,
சித்தி பரீனா