நிலத்தடிக் கல்லறையில் விளக்கு அணைந்தபோது

போன வாரம் தஞ்சாவூர்க் கோட்டைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறைக்குள் இறங்க வேண்டியிருந்தது. பழுதுபார்ப்பதற்கு முன்னால் சுவர்களை அளந்து பார்க்கிற வேலை. பல காலம் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்ததும், ஈரக்கல்லும் பழஞ்சுண்ணாம்பும் கலந்த வாசனை படியேறி மேலே வந்தது. என் கால் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த பொறியாளர், "என்ன மேடம், பாம்பு ஏதும் கெடக்கா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவரிடம் வேறு என்ன சொல்வது? ரோமாபுரியில் மண்ணுக்கடியில் நீயும் நானும் நின்ற இருட்டும் இப்படித்தான் மணத்தது. அதை அறிந்த இன்னொருத்தி நீதான். நீ போய் இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை.

நமக்கு ஒரே ஊர். பூதலூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில், வாய்க்காலுக்கு வடக்கே உன் வீடு, தெற்கே எங்கள் தெரு. என் தாத்தா உங்கள் பண்ணையில் ஆளாக இருந்தவர். அம்மா உங்கள் வயலில்தான் நாற்றுப் பறித்தாள், நட்டாள், களையெடுத்தாள். பாவாடை கட்டிய வயதிலேயே நீ என் அம்மாவை "ராசாத்தி" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாய். அம்மா உன்னைச் "சின்னம்மா" என்பாள். ஊரில் அது யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றியதில்லை.

கட்டடக்கலை படிக்கத் தஞ்சாவூரில் ஒரே கல்லூரியில் சேர்ந்தோம். நீ காரில் வந்தாய், நான் பாசஞ்சர் ரயிலில். ஒரே வகுப்பில் உட்கார்ந்தும் உன்னிடம் "வாங்க, போங்க" என்றுதான் எனக்கு வாய் வரும். அதனால் பேசுவதையே தவிர்த்துவிடுவேன். கடைசி ஆண்டில் ஐரோப்பாவின் பழைய நகரங்களைக் காட்ட மாணவர்களைக் கூட்டிப்போக ஏற்பாடானபோது, எனக்கு உதவித்தொகை கிடைத்தது. நம்மோடு வந்த பேராசிரியை நம் இருவரையும் ஒரே அறையில் போட்டார். "ஒரே ஊர்ப் பொண்ணுங்க, ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருந்துக்கங்க" என்றார். பாவம், அவருக்கு நம் ஊரைத் தெரியாது.

அது, நிலமில்லாதவர்களுக்குத் தரிசு நிலம் தருவதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தவர்கள் பட்டா கொடுக்கத் தொடங்கியிருந்த சமயம். ஆற்றங்கரைப் படுகை புறம்போக்கு நிலம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாக உங்கள் குடும்பம் அதில் வாழை வைத்து வந்தது. அதை அளந்து, கல் ஊன்றி, எங்கள் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். என் அண்ணன் பெயரிலும் ஒரு பட்டா வந்தது. உன் அப்பா கோர்ட்டுக்குப் போனார். நான் பெட்டி கட்டும்போது அம்மா சொன்னாள்: "அந்தப் புள்ளகிட்ட நெலத்தப் பத்தி வாயத் தொறக்காத. கேட்டா தெரியாதுன்னுடு." உன் வீட்டிலும் ஏறக்குறைய இதையே சொல்லி அனுப்பியிருந்தார்கள் என்று பிறகு சொன்னாய்.

ரோமில் முதலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. உச்சியில் பெரிய வட்டத் திறப்பு வைத்த அந்தப் பழங்கோயிலின் குவிமாடத்துக்குக் கீழே எல்லோரும் அண்ணாந்து நின்றோம். திறப்பு வழியாகத் தூறல் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. "எங்க வீட்டு நடுமுத்தம் மாதிரியே இருக்கு" என்றாய். என்னையறியாமல், "எங்க வீட்ல மழை பேஞ்சா கூரை முழுக்க இப்படித்தாங்க" என்றேன். நீ வெடித்துச் சிரித்தாய். உடனே, சிரித்தது சரியா என்று என் முகத்தைப் பார்த்தாய். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் அந்த அழைப்பு வந்தது. நம் அறையில் உன்னிடம் மட்டும்தான் அங்கே வேலை செய்கிற செல்போன் இருந்தது. நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "எப்ப? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாய். அப்புறம், "யாரு?" என்றாய். கேட்டுவிட்டு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாய். பின்னலைப் பாதியில் விட்டேன். போனைப் பைக்குள் வைத்தாய். "பஸ் வந்துருக்கும், கெளம்பு" என்றாய்.

பேருந்தில் நீ முன் இருக்கையில், நான் பின்னால். ஊரில் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. அண்ணனுக்கா, அம்மாவுக்கா, உன் வீட்டுக்கா? கேட்கப் பயம். கேட்காமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது. வெளியே பைன் மரங்களும் உடைந்த மதில்களும் ஓடின. வழிகாட்டி சொன்ன ஒரு வரிகூட என் காதில் ஏறவில்லை.

அன்றைக்குப் பார்க்க வேண்டியது பழங்காலத்துக் கிறிஸ்தவர்களைப் புதைத்த நிலத்தடிக் கல்லறைகள். படி இறங்க இறங்கக் குளிர் ஏறியது. இரண்டு பக்கமும் சுவரைக் குடைந்து, ரயில் பெர்த் போல அடுக்கடுக்காகப் பிணக்குழிகள், எல்லாம் வெறுமையாக. சின்னச் சின்னக் குழிகளும் இருந்தன, குழந்தைகளுக்கு. பாதைகள் பல மைல் பிரிந்து போகின்றன, யாரும் பின்தங்க வேண்டாம் என்று வழிகாட்டி எச்சரித்தார். நீ ஒரு திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய். உன்னைத் தாண்டிப் போகவும் துணிவில்லை, பேசவும் துணிவில்லை, நானும் நின்றேன். மற்றவர்களின் காலடி ஓசை தேய்ந்தது. அவர்கள் கடந்த பகுதியின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சட்டென்று கண்ணுக்கு எதுவுமே இல்லை.

அப்படி ஓர் இருட்டை நம் ஊர் அமாவாசையில்கூட நான் கண்டதில்லை. என் மூச்சும் உன் மூச்சும் மட்டும் கேட்டன. உன் குரல் வந்தது.

"மலரு, அங்கதான இருக்க?"

"இருக்கேங்க."

"எங்க அப்பாவ வெட்டிட்டாங்க. படுகையில. உசிரு இருக்கு, நெனவு இல்லையாம்."

உன் குரல் இன்னும் தாழ்ந்தது.

"உங்க அண்ணன்தான்னு சொல்றாங்க. போலீஸு புடிச்சிட்டுப் போயிருச்சு. எந்த ஸ்டேஷன்னு உங்க வீட்டுக்கே தெரியலையாம்."

சுவரில் சாய்ந்தேன். கை ஒரு குழிக்குள் வழுக்கிப் போனது, பதறி இழுத்துக்கொண்டேன். அண்ணனை அடிப்பார்களே என்ற பயம். ஒருவேளை அவன்தானோ என்ற பயம். உண்மையைச் சொன்னால், இரண்டு அடி தள்ளி நின்ற உன்னைப் பற்றியும் பயம்தான். அப்பாவை வெட்டியவனின் தங்கையோடு தனியாக நிற்கிறாய் நீ. எது வேண்டுமானாலும் செய்யலாம், யார் கேட்கப் போகிறார்கள்?

"எனக்கு ஒன்னப் பாத்தாலே பயமா இருக்குடி" என்றாய். "காலையிலேர்ந்து அப்படித்தான் இருக்கு. ஆனா நீயும் போயிட்டா நான் இங்க செத்துருவேன். கையக் குடு."

இருட்டில் துழாவினோம். உன் விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன. "நான் எங்கயும் போகல. நீ அழாத" என்றேன். அப்போதுதான் முதன்முதலாக உன்னை "நீ" என்றேன். நீ அதைக் கவனித்தாயா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

வழிகாட்டி கைவிளக்கோடு தேடி வந்து, இத்தாலியில் திட்டிக்கொண்டே நம்மை மேலே ஏற்றினார். வெயிலுக்கு வந்ததும் உன் போனை என்னிடம் நீட்டினாய். "மொதல்ல உங்க அம்மாட்ட பேசு." பக்கத்து வீட்டுப் போனுக்கு அடித்தேன். அம்மா அழுகைக்கு நடுவே ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்: உன் அப்பாவின் ஆட்கள் டிராக்டரைப் படுகையில் இறக்கியதும் இரண்டு பக்கமும் கைகலப்பு, வெளியூரிலிருந்து யார் யாரோ வந்திருந்தார்கள், அண்ணன் அருவாளே எடுக்கவில்லை. "நீ அங்கயே இருந்துரு, வந்துராத" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்த கையோடு உன் சித்தப்பா அழைத்தார். அவர் குரல் எனக்கே கேட்டது. "அந்தப் பொண்ணோட ஒரே ரூம்லயா இருக்க? வாத்தியாரம்மாட்ட சொல்லி மாத்திக்க." நீ என்னைப் பார்த்துக்கொண்டே, "மாத்த வேணாம் சித்தப்பா" என்று வைத்துவிட்டாய்.

ஊருக்கு உடனே திரும்ப உனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. பிளாரன்ஸ், பாரிஸ் என்று எஞ்சிய இடங்களையும் குழுவோடு பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்கிறேனே தவிர, கண்ணாடிச் சாளரங்களின் நீலம் ஒன்றைத் தவிர எனக்கு எதுவும் நினைவில்லை. உன் பையில் போன் அதிரும்போதெல்லாம் நாம் இருவரும் விறைத்துப்போனதுதான் நினைவிருக்கிறது. ஒரு தேவாலயத்தின் படியில் வைத்து, உன் அப்பாவுக்கு நினைவு திரும்பிவிட்ட செய்தி வந்தது. நீ என் தோளில் விழுந்து அழுதாய்.

திருச்சி விமான நிலையத்துக்கு உன் சித்தப்பா கார் கொண்டுவந்திருந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்காமலே, "அது ரயில்ல வந்துக்கும்" என்றார். "அப்ப நானும் அவகூடவே வாரேன்" என்று நீ என் பெட்டியின் மறுபக்கத்தைத் தூக்கிக்கொண்டாய். பாசஞ்சரில் பூதலூர் வந்து இறங்கினால், நடைமேடையின் ஒரு முனையில் உன் ஆட்கள், மறுமுனையில் எங்கள் தெரு, நடுவில் போலீஸ்காரர்கள். நீ உன் ஆட்கள் பக்கம் போகவில்லை. என்னோடு நடந்து என் அம்மா முன்னால் வந்து நின்றாய்.

"அம்மா, பொண்ணப் பத்திரமாக் கூட்டியாந்துட்டேன்" என்றாய்.

"ராசாத்தி" என்று பெயர் சொல்லவில்லை நீ. அம்மா மிரண்டுபோய் ஓரடி பின்வாங்கினாள்.

பிறகு பெரியாஸ்பத்திரியில் நடந்ததை நீயேதான் எனக்குச் சொன்னாய். என் அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டால் படுகை வழக்கே முடிந்துவிடும் என்று உன் சித்தப்பா அப்பாவின் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். நீ கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து, "நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். வெட்டியவன் வெளியூர்க்காரன், அந்தப் பையன் இல்லை என்று அவர் வாக்குமூலம் கொடுத்தார். அண்ணன் வீட்டுக்கு வந்தான், காலைத் தாங்கித் தாங்கி. உன் வீட்டில் பல மாதம் யாரும் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் அப்பாவின் வலக்கை கடைசிவரை தோளுக்கு மேல் எழவில்லை.

அதன் பின் நீ சென்னையில் வேலை, கல்யாணம், குழந்தை என்று இருந்தாய். ஊருக்கு வரும்போதெல்லாம் வாய்க்காலைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தாய். நோய் வந்ததை ஏன் என்னிடம் அவ்வளவு தாமதமாகச் சொன்னாய்? உன்னைக் கொண்டுவந்து கிடத்தியிருந்த அன்று, உங்கள் வாசல் கேட்டுக்கு வெளியே நானும் அம்மாவும் உள்ளே போவதா வேண்டாமா என்று பயந்து நின்றோம். உன் அம்மா பார்த்துவிட்டு எழுந்து வந்து எங்களைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. படுகைப் பிரச்சினை மறுபடி கிளம்பியிருக்கிறது. ஓர் எல்லைக்கல் காணாமல் போய்விட்டது. உன் சித்தப்பாதான் பிடுங்கிப் போட்டார் என்று எங்கள் தெரு புகார் கொடுத்திருக்கிறது. அவர் இப்போது நடக்க முடியாத கிழவர். கல் காணாமல் போன அன்று காலை நான் ஆற்றங்கரையில் இருந்தேன். கல்லைப் பெயர்த்துத் தண்ணீரில் தள்ளியவர்கள் எங்கள் தெருப் பையன்கள். அண்ணன் நேற்று வந்து, "ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? கேட்டா பாக்கலன்னு சொல்லு. நாம இந்தத் தெருவுலதான் இருக்கணும்" என்று கெஞ்சினான். அவன் கண்ணில் இருந்த பயம் எனக்குப் பழக்கமானது.

நாளைக்குத் தஞ்சாவூரில் கோட்டாட்சியர் விசாரணை. என்னையும் அழைத்திருக்கிறார்கள். சொல்லிவிட்டு வெளியே வந்தால் யார் என்னோடு நடப்பார்கள் என்று தெரியவில்லை. இதை எழுதும்போதே எழுத்து கோணுகிறது பார். இருந்தாலும் நான் போவேன். பார்த்ததை மட்டும் சொல்வேன்.