அம்மா வைத்த கைரேகை

14.3.1959, சனி

ஹட்டன் வணிகப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். போன வருடம் ஒரே அறையில் தொடங்கிய பள்ளி, இப்போது மூன்று அறை. தட்டச்சு, சுருக்கெழுத்து, அலுவலக நிர்வாகம் எல்லாம் சொல்லித்தருகிறார்கள்.

விண்ணப்பத்தில் பெரியவர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். காலையில், தொழிலாளர் வரிசைவீடான எங்கள் லயத்திலிருந்து, கையெழுத்துக் கேட்டு அம்மாவுடன் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"லயத்துப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? படிச்சிட்டு என் நாக்காலியில ஒக்காரப் போறியா?"

கொழுந்துக் கூடையோடு நின்ற அம்மா கேட்டாள்: "ஒக்காந்தா என்னாங்கய்யா?"

அவர் தாளைத் தள்ளிவிட்டார். அம்மா அவர் மேசையிலிருந்த மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி, கையெழுத்து இடத்தில் வைத்தாள். "பெத்தவ நான் இருக்கேன். இது போதும்."

மத்தியானம் பஸ்ஸில் கொண்டுபோனேன். அதிபர் ரேகையை வெகுநேரம் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். சொன்னேன். பக்கத்திலேயே தன் கையெழுத்தைப் போட்டார்.

படித்து முடித்தால் இந்த மலையில் எங்களுக்கு யார் வேலை தருவார்கள் என்று அப்பா கேட்கிறார். எனக்கும் தெரியாது. திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டில் அம்மா பெயரைக் கூப்பிடாமல் விட்டால்...

அன்றுதான் முதல் வகுப்பு. பஸ்ஸுக்குக் குறுக்குவழி உண்டு. நான் ஆபீஸ் வாசல் வழியாகத்தான் போவேன்.